இடாப்பில் ஏறிய ஒரு பெயர்

எண்பதுகளின் தொடக்கத்தில், பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் இலவசப் பாடநூல் கொடுக்கத் தொடங்கி ஓரிரு வருடங்களே ஆகியிருந்த ஒரு ஜனவரி மாதம், கிழக்கிலங்கையின் மருதமுனையில் இது நடந்தது. பகலில் நான் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் நூல் பொதிகளுக்குப் பொறுப்பாக இருந்தேன். மற்ற நேரங்களில் கொழும்புத் தமிழ்ப் பத்திரிகை ஒன்றுக்குக் கல்முனைப் பகுதிச் செய்திகளை எழுதி அனுப்புவேன். ஊரில் என்னைத் தெரிந்தவர்கள் இந்த இரண்டாவது வேலையை வைத்துத்தான் தெரிந்திருந்தார்கள்.

ஒரு காலை, நூல் எடுக்க வந்த நெசவாளி ஒருவர், கூட்டம் கலையும்வரை காத்திருந்து, அண்ணன் முறையில் 'காக்கா' என்று அழைத்தபடி என்னிடம் வந்தார்.

"காக்கா, பேப்பர்ல ஒரு விசயம் போடணும். எங்கட ராத்தாட மகள். ஒன்பது வயசு. காது கேக்காது, கதைக்கவும் மாட்டா. பள்ளிக்கூடத்துல எல்லாருக்கும் புத்தகம் குடுத்தாங்க, அவக்கு மட்டும் இல்ல. இடாப்புல பேரில்லையாம்."

அவருடைய அக்கா, பிள்ளையின் தாய், ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"மச்சான் மௌத்தாகி ராத்தா இத்தாவில இருக்கா. அதான் நான் வந்தன்."

கணவனை இழந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள்ளே இருப்பது இத்தா. அந்நாட்களில் அந்நிய ஆண்களின் முன் வரமாட்டார். ஆனாலும் திரைச்சீலைக்கு இப்பால் நின்று நான் இரண்டு கேள்வி கேட்டிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். இத்தா வீட்டுக்குச் செய்தி கேட்டுப் போவது அழகல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பகல் தபாலுக்கு முன்னால் எழுதி முடிக்கவேண்டும் என்ற அவசரமும் இருந்தது.

பிள்ளையின் வயது, தகப்பன் செய்த தொழில், பள்ளிக்கூடம் எது என்பதையெல்லாம் ஒழுங்காகக் குறித்துக்கொண்டேன். பிள்ளை இப்போது எங்கே இருக்கிறது என்ற ஒன்றை மட்டும் கேட்கவில்லை. இடாப்பில், அதாவது வரவுப் பதிவேட்டில், பெயரில்லை என்றால், பள்ளிக்கூடம் சேர்க்க மறுத்துவிட்டது என்றுதானே அர்த்தம்? குறித்த வயதுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியே ஆகவேண்டும் என்று பழைய சட்டம் ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். அதையும் சேர்த்து எழுதினேன். 'வாய் பேசாத சிறுமிக்கு அனுமதி மறுப்பு' என்ற தலைப்பில் அந்த வாரமே வந்தது. நூல் எடுக்க வந்தவர்கள் சத்தம் போட்டு வாசித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்த வாரம் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியரான அதிபர் ஆள் அனுப்பினார். போனேன். கல்விக் கந்தோர் என்று நாங்கள் சொல்லும் கல்வி அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டு வந்த கடிதத்தை மேசையில் விரித்து வைத்திருந்தார்.

"வாங்க, பேப்பர்காரத் தம்பி. நான் விரட்டிவிட்ட புள்ள எங்க இருக்கெண்டு பாப்பமா?"

மூன்றாம் வகுப்புக்குக் கூட்டிப் போனார். முன்வாங்கில் ஒரு சிறுமி குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்திலிருந்த பிள்ளையின் கொப்பியைப் பார்ப்பதும் தன் கொப்பியில் எழுதுவதுமாக இருந்தாள். நாங்கள் உள்ளே போனபோது எல்லாப் பிள்ளைகளும் எழுந்து சலாம் சொன்னார்கள். பக்கத்துப் பிள்ளை எழுந்ததைக் கண்டபிறகே அவள் எழுந்தாள்.

"பக்கத்துல இருக்கிறது இவட சாச்சிர மகள், உம்மாட தங்கச்சிர புள்ள. இவ ரெண்டு வருசமா இஞ்சதான் இருக்கா. பேர எழுதினா கேள்வி வரும் தம்பி. ஆர் படிப்பிக்கிற, எப்படிச் சோதனை வைக்கிற, ஏன் செவிட்டுப் பள்ளிக்கு அனுப்பல்ல எண்டெல்லாம் வரும். எழுதாம விட்டன், ஒருத்தரும் ஒண்டும் கேக்கல்ல. இப்ப நீங்க கேட்டிட்டீங்க."

அறைக்குத் திரும்பிக் கடிதத்தை வாசித்தேன். இடாப்பில் இல்லாத பிள்ளையை வகுப்பில் இருத்துவது விதிக்கு முரண் என்று கடிதத்தில் இருந்தது. முறைப்படி சேர்க்கவேண்டும், அல்லது பொருத்தமான பாடசாலைக்கு அனுப்பவேண்டும். அதுவரைக்கும் அவள் வரக்கூடாது. அன்று பகலே அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

நான் கல்முனைக்குப் போய்க் கல்விக் கந்தோரில் காத்திருந்தேன். அதிகாரி மரியாதையான மனிதர். தேநீர் வரவழைத்தார். காகிதக் கோவை ஒன்றை எடுத்து ஒவ்வொரு தாளாகக் காட்டினார். இப்படியான பிள்ளைகளைச் சாதாரணப் பாடசாலைகளிலேயே சேர்க்கலாம் என்று சுற்றறிக்கை இருக்கிறது. அதற்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர் இருக்கவேண்டும். எங்கள் பகுதியில் ஒருவரும் இல்லை. ஒருவரைப் பயிற்சிக்கு அனுப்பினால் அவருடைய வகுப்பைப் பார்க்க இன்னொருவருக்குச் சம்பளம் வேண்டும்; அதற்கு ஒதுக்கீடு இல்லை. ஒதுக்கீடு கேட்கலாம். கேட்பதற்கு இடாப்பில் எத்தனை பிள்ளைகள் என்று காட்டவேண்டும்.

"அப்ப இந்தப் பிள்ளைர பேர எழுதினாக் கேக்கலாந்தானே, சேர்?"

"ஆசிரியர் இல்லாம எழுதக்கூடாதே."

"அப்ப சட்டம்?"

"சட்டம் தாய் தகப்பனுக்குத்தான் சொல்லுது, அனுப்பு எண்டு. எடு எண்டு ஆருக்குச் சொல்லுது? நானும் தேடித்தான் பாக்கிறன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுதிறது அதிபர்ர பொறுப்பு. எழுதுங்க எண்டு நான் கடிதம் தரமாட்டன். எழுதவேணாம் எண்டும் தரமாட்டன்."

தூரத்து ஊரில் காது கேளாத பிள்ளைகளுக்கு விடுதியோடு ஒரு பாடசாலை இருப்பதாகவும், அங்கே இடம் கிடைக்கக் காத்திருக்கவேண்டும் என்றும் சொன்னார். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவர் சொன்னவற்றை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு வசனமும் விளங்கியது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒன்றும் விளங்கவில்லை.

மார்ச் மாதத்தில் இத்தா முடிந்ததும், என்னிடம் வந்த அந்த நெசவாளியை முன்னால் விட்டு அவருடைய அக்காவின் வீட்டுக்குப் போனேன். தாய் தறியில் இருந்தார். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் தறியை நிறுத்தவில்லை.

"நான் புத்தகத்தைத்தானே கேட்டன் காக்கா? பள்ளிக்கூடத்தையா கேட்டன்? அது போய்க்கிட்டுத்தானே இருந்திச்சு."

"விடுதிப் பள்ளிக்கூடத்துக்கு..."

"வாப்பாவும் இல்லாத புள்ளய, கதைக்கவும் ஏலாத புள்ளய, முகம் தெரியாத ஊருக்கு அனுப்பச் சொல்றீங்களா?"

மகள் ஒரு மூலையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து வந்து, இடது உள்ளங்கையில் வலக்கை முஷ்டியால் இரண்டு தரம் தட்டி, என் முகத்தைப் பார்த்தாள். சின்னப் பிள்ளைகள் ஏதாவது கேட்டால் நாம் சும்மா தலையாட்டுவோமே, அப்படி ஆட்டினேன். அவள் உள்ளே ஓடினாள்.

தறி நின்றது.

"அல்லாஹ்வே! என்ன காக்கா செஞ்சீங்க? அது மணி அடிக்கிறது. நான் பள்ளிக்கூடம் போகலாமா எண்டு கேட்டிச்சு. ஓம் எண்டிட்டீங்களே!"

ஐந்து நிமிடத்தில் அவள் வெள்ளைச் சட்டையோடு, தலையைத் தண்ணீர் வைத்து வாரிக்கொண்டு வந்து நின்றாள். ஓம் என்பதற்குத் தலை ஒன்று போதும். 'இரு மகள், இன்னும் முடிவாகவில்லை, கந்தோரில் கேட்டுக்கொண்டிருக்கிறோம்' என்பதை எந்தக் கையால் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தாயும் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

"கூட்டிட்டுப் போங்க. தலையாட்டினவர் நீங்கதானே" என்றார்.

போனோம். அவள் எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். அதிபர் எங்களை வாசலிலேயே கண்டுவிட்டார்.

"என்ன தம்பி, ரெண்டாம் செய்தியா?"

நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பிள்ளை எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கந்தோர் அதிகாரி என்ன சொன்னார் என்று அதிபர் கேட்டார். எழுதச் சொல்லவும் இல்லை, வேண்டாமென்று சொல்லவும் இல்லை என்றேன். மூன்றாம் வகுப்பு இடாப்பை எடுத்துவரச் சொன்னார். கடைசிப் பெயருக்குக் கீழே அவளுடைய பெயரை எழுதினார். குறிப்பு என்ற கட்டத்தில் பேனாவை வைத்தபடி யோசித்தார். பிறகு அதை வெறுமையாக விட்டு இடாப்பை மூடினார்.

அன்றே அவளுக்குப் புத்தகங்கள் கிடைத்தன. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய் வகுப்பில் உட்கார்ந்தாள். நான் 'வாய் பேசாத சிறுமிக்கு அனுமதி கிடைத்தது' என்று நாலு வரி எழுதித் தபாலில் போட்டேன். அதோடு அந்த விசயம் எனக்கு முடிந்தது.

அடுத்த வருடம் ரமழானுக்கு முந்திய நாட்களில், நூல் எடுக்கத் தாயே சங்கத்துக்கு வந்தார். மகளைப் பற்றிக் கேட்டேன். தறியில் இருக்கிறாள் என்றார். எனக்கு விளங்கவில்லை.

கந்தோரிலிருந்து பிறகு எந்தக் கேள்வியும் வரவில்லையாம், ஆசிரியரும் வரவில்லையாம். ஆண்டிறுதிச் சோதனை மட்டும் வந்திருக்கிறது. பெயருள்ள பிள்ளை எழுதத்தான் வேண்டும். வாத்தியார் வாசிக்க வாசிக்க எழுதும் சோதனையில் அவள் என்ன எழுதுவாள்? கணக்கில் நல்ல புள்ளி. மற்றதில் வெறும் தாள். சாச்சியின் மகள் நாலாம் வகுப்புக்குப் போனாள். இவளுடைய பெயர் மூன்றாம் வகுப்பு இடாப்பிலேயே நின்றது. முந்திய காலமென்றால் அதிபர் கண்டும் காணாதது போல இருவரையும் சேர்த்து இருத்தியிருப்பார். இப்போது அவளுக்கென்று ஒரு வகுப்பு எழுத்தில் இருந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் சில வாரங்கள் இருந்து பார்த்துவிட்டு, ஒரு நாள் அவளாகவே போகாமல் விட்டுவிட்டாள்.

தாய் என்னைக் குறை சொல்லவில்லை. நூலை எண்ணி வாங்கிக்கொண்டு, போகும்போது சொன்னார்:

"புத்தகமெல்லாம் கிடைச்சிச்சு காக்கா. பாத்து எழுதப் பக்கத்துல ஆள்தான் இல்ல."

யார் எங்கே பிழை விட்டார்கள் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். அதிபர் முதலில் செய்தது விதிக்கு முரண், பிள்ளை படித்தாள். பிறகு செய்தது முறைப்படி, பிள்ளை நின்றுவிட்டாள். ஆனால் ஒரு பிள்ளை பெயரில்லாமலே இருக்கட்டும் என்று என்னால் இன்றும் எழுத முடியாது. பெயர் எழுதப்பட்ட அந்த மார்ச் நாளுக்கும் சோதனை நாளுக்கும் இடையில் எத்தனையோ மாதங்கள் இருந்தன. பள்ளிக்கூடம் என் சைக்கிளுக்கு ஐந்து நிமிடத் தூரம். ஒரு தரம்கூட நான் போய்ப் பார்க்கவில்லை. ஒரு பிள்ளைக்காக உரிமை கேட்டு எழுதுபவனின் வேலை, அந்த உரிமை கிடைத்த அன்றுதான் தொடங்குகிறது என்பது மட்டும், இத்தனை குழப்பத்துக்கும் நடுவில் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது.