‘நார்மல்’ என்று எழுதிய குழாய்

எண்பதுகளின் கடைசியில், பல்கலைக்கழகத்தின் நோயெதிர்ப்பியல் துறையில் நான் ஆராய்ந்தது யானைக்கால் நோய். ஞாயிற்றுக்கிழமைகளில் வானகரம் வரை அலைந்து, கால் வீங்கியவர்களிடம் கெஞ்சிக் கூத்தாடி ரத்தம் எடுத்து வருவேன். அதைப் பிளாஸ்டிக் தட்டின் குழிகளில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அந்த நோயைத் தரும் புழுவுக்கு எதிரான பொருள் ரத்தத்தில் இருந்தால் குழி மஞ்சளாகும். இல்லாவிட்டால் நிறம் வராது.

ஒப்பிட, நோயில்லாத ஒருவரின் ரத்தமும் வேண்டும். அதற்கு யாரைத் தேடுவது? காய்ச்சல், தலைவலி என்று ஒருநாள் படுத்தவளில்லை நான். என் ரத்தத்தையே எடுத்து, குழாயில் ‘நார்மல்’ என்று எழுதி ஒட்டினேன்.

ஒரு வருடம் நோயாளியும் மஞ்சள், நார்மலும் மஞ்சள். கரண்ட் கட்டைத் திட்டினேன், ஃபிரிஜ்ஜைத் திட்டினேன். “உனக்குத் தட்டு கழுவத் தெரியலை” என்றார் பேராசிரியர். வீட்டில் தினமும் தட்டு கழுவுகிறவளிடம் சொல்கிற பேச்சா இது? ஆனால் இன்னும் ஆறு மாதத்தில் முடிவு வராவிட்டால் பட்டம் கிடையாது. உள்ளுக்குள் பயந்து செத்தேன்.

அப்போதுதான் ஊட்டியிலிருந்து ஒருத்தி புதிதாகச் சேர்ந்தாள். போகிற போக்கில் அவள் ரத்தத்தையும் ஒரு குழியில் விட்டேன். அது மட்டும் வெறும் தண்ணீராக நின்றது.

பேராசிரியர் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“நீ எந்த ஊரு?”

“மண்ணூர்பேட்டை.”

“கொசு?”

அந்தப் புழுவைப் பரப்புவதே கொசுதான். பிறந்ததிலிருந்து கொசுவுக்கு ரத்தம் கொடுத்த நான் நார்மலாம்! மலைப்பக்கத்து ஆட்கள் சிலரின் ரத்தத்தை வைத்து மறுபடி செய்தேன். ஆராய்ச்சி பிழைத்துக்கொண்டது.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே சொன்னேன். எனக்கு நோயில்லை, அந்தக் கொசு கடித்த அடையாளம்தான் என்றும் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. புடவையைக் கொஞ்சம் தூக்கி, இடது காலை நீட்டினாள். கணுக்கால் உப்பியிருந்தது.

“அப்போ இதுவும் அதானா?”

“எப்போலேருந்தும்மா?”

“ரெண்டு வருசமா கீது. ஊரான் காலெல்லாம் பாத்துகினு கீறே. நம்ம ஊட்டுக்கும் ஒருநாள் நீ வருவேன்னு இருந்தேன்.”