நர்ஸ் முட்டின்னா வலிக்காதுங்களா?

கருமத்தம்பட்டி அருகே ஸ்கூட்டரோடு விழுந்ததில் என் வலது முட்டிச்சில்லு உடைந்தது. நான் நர்ஸாக வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே ஆபரேஷன் செய்து கம்பி வைத்துக் கட்டினார்கள். வீட்டுக்கு வந்து சில வாரம் ஆனதும், முட்டியை மடக்கிப் பழக்க பிசியோதெரபிஸ்ட் வந்தார். அவர் காலை லேசாக மடக்கியதுமே நான் போட்ட அலறலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

மாமியார் ஓடி வந்தார். "ஏன் அம்மணி, எத்தனை பேத்துக்கு ஊசி போட்டவ நீ! நர்ஸே இப்பிடிக் கத்துனா எப்பிடி? பல்லைக் கடிச்சுக்க கண்ணு."

"நர்ஸ் முட்டின்னா வலிக்காதுங்களா அத்தை?" என்றேன். அவர் சிரித்துவிட்டார். நான் அழுதுவிட்டேன்.

வலி மாத்திரை அத்தையின் பொறுப்பில் இருந்தது. அதிகம் போட்டால் கிட்னி கெட்டுப்போகும் என்று பயந்து, நான் துடிக்கும்போது மட்டும் ஒன்று தருவார். வலி உச்சிக்கு ஏறிய பிறகு அதை இறக்குவது எவ்வளவு கஷ்டம் என்று வார்டில் தினமும் பார்ப்பவள் நான். டாக்டருக்குப் போன் போட்டு, அத்தைக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தேன்.

"பயிற்சிக்கு முன்னாடியே மாத்திரை போட்டுக்கலாமுங்களா டாக்டர்?"

"அப்படித்தாங்க போடணும். நான் எழுதின அளவைத் தாண்டாம, நேரத்துக்குப் போடுங்க. வலியிருந்தா எப்படி மடக்குவீங்க?"

மறுநாள் அத்தையே மாத்திரையும் தண்ணீருமாக வந்து நின்றார். பயிற்சி முடிந்ததும் துணியில் ஐஸைச் சுற்றி முட்டிமேல் வைத்தார். வலி இல்லாமல் இல்லை. ஆனால் மூச்சைப் பிடிக்காமல் தாங்க முடிந்தது. அந்த வார முடிவில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தபோது, முட்டி மடங்கிக் கால் கீழே முழுசாகத் தொங்கியது.

"மடங்கிருச்சு! ஏனுங்க, இங்க வந்து பாருங்க, மடங்கிருச்சு!" என்று அத்தை மாமாவைக் கூப்பிட்ட சத்தத்துக்கு முன்னால் என் அலறலெல்லாம் ஒன்றுமே இல்லை.

அடுத்த வருடம் காங்கேயத்துப் பக்கம் அத்தையின் ஊர்க் கோயில் நோம்பியில் கும்மி. வட்டத்தில் இறங்கி, குனிந்து, நிமிர்ந்து, கை தட்டிச் சுற்றினேன். அத்தை கூட்டத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்: "வலி ஏறறதுக்கு முன்னாடியே மாத்திரை போட்டுப்போடோணுமுங்க. எம்பட மருமவளைப் பாருங்க!"

நான் இன்னொரு சுற்று ஆடினேன்.