கூப்பிட்டவரே அனுப்ப வேண்டும்

காலை 7.40, பழனி பேருந்து நிலையம். கொடைக்கானலுக்கு இங்கிருந்து அறுபத்து நான்கு கிலோமீட்டர். நான் போக வேண்டிய இடம் அதில் பாதியைத் தாண்டிக் கொஞ்சம் மேலே. மடியில் பஞ்சாமிர்த டப்பா வைத்திருந்த யாத்திரிகர்களுக்கு நடுவே, படம் போட்ட பயிற்சி அட்டைகள் நிறைந்த பையோடு நான் உட்கார்ந்திருந்தேன். பேசாத குழந்தைகளைப் பேச வைப்பது என் தொழில். என் வாயை மூட வைக்கத்தான் வீட்டில் யாராலும் முடியவில்லை.

நிறுத்தத்தின் பெயரைச் சொன்னதும் நடத்துநர் ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

"அங்க எஸ்டேட் கேட்டைத் தவிர ஒண்ணுமில்லையேம்மா. என்ன சோலியா போறீங்க?"

"பள்ளிக்கூடத்துக்கு."

"நாலரை வண்டிய விட்றாதீங்க. பனி எறங்கிருச்சுன்னா நீங்க கையக் காட்டுறது டிரைவருக்குத் தெரியாது."

9.30. கேட்டருகே ஆசிரியர் முருகேசன் காத்திருந்தார். முப்பது வயதுக்காரர், கீழே ஒட்டன்சத்திரம் பக்கம். காப்பித் தோட்டத்தின் ஊடே மூன்று கிலோமீட்டர் நடை. நடக்கும்போதே விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

ஐந்து வாரத்துக்கு முன் மாற்றலாகி வந்த முதல் நாள், பழைய வருகைப் பதிவேட்டை எடுத்து வரிசையாகப் பெயர் வாசித்திருக்கிறார். அதில் ஒரு பெண் மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு இறந்துபோனவள். அது அவருக்குத் தெரியாது. அந்தப் பெயரை வாசித்ததும் பிள்ளைகள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்களாம். பிறகு கடைசி வரிசையிலிருந்து "உள்ளேன் ஐயா" என்று பதில் வந்தது. சொன்னவள் இறந்தவளின் தங்கை மலர், எட்டு வயது.

"வாய் இவளோடதுதான் மேடம். குரல் அக்காவோடதுன்னு பிள்ளைங்க சொல்றாங்க."

அன்றிலிருந்து மலர் ஒரு சொல்லும் பேசவில்லை. திங்கட்கிழமைக்குள் பேசாவிட்டால் கல்வி அலுவலகத்தில் அவளைக் கீழே திண்டுக்கல்லில் ஒரு சிறப்புப் பள்ளி விடுதிக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்கான படிவம் என் பையில் இருந்தது, என் கையெழுத்துக்காக.

பள்ளியை ஒட்டிய குடியிருப்பில், பளியர் என்ற மலைப் பழங்குடிக் குடும்பங்கள் இருபது இருக்கலாம். ஒருவர் இறந்தால் ஓர் ஆண்டு முடியும்வரை அவர் பெயரை அங்கே யாரும் சொல்வதில்லை. ஆகவே நானும் அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை.

10.45. மலரோடு உட்கார்ந்தேன். யானைப் படம் காட்டினேன், குருவிப் படம் காட்டினேன், என் குரலையே நாலு விதமாக மாற்றிக் காட்டினேன். அவள் அட்டையைப் பார்த்தாள், பிறகு பக்கத்துக் காலி இடத்துக்கு அதைத் தள்ளி வைத்தாள். அங்கே யாரோ பார்த்து முடிக்கக் காத்திருப்பவள் போல இருந்துவிட்டு, திருப்பி எடுத்து என்னிடம் கொடுத்தாள். மதியச் சாப்பாட்டில் முட்டையைப் பாதியாக்கி அந்தப் பக்கம் வைத்தாள்.

அப்போதுதான் மலரின் அத்தை தவமணி வந்தார். நாற்பது வயதிருக்கும்; எஸ்டேட்டில் மிளகு பறிக்கிறவர். காட்டுச்சாமி இவர் மேல்தான் வரும் என்றார்கள். நான் பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்ள வாய் திறந்தேன்.

"பேரு வேண்டாங்க. அவ கேட்டுக்கிட்டிருக்கா. இங்க இருக்கவரைக்கும் மேடமாவே இருங்க" என்று கையமர்த்தினார். பிறகு ஆசிரியரிடம் திரும்பினார். "சார், கூப்பிட்டீங்க, வந்துட்டா. போகத் தெரியாம தங்கச்சி வாயில உக்காந்து கெடக்கா. கூப்பிட்டவங்கதான் அனுப்பணும். சாமி கல்லுகிட்ட அதே பேரை மறுபடி வாசிச்சு அனுப்புங்க. எத்தனை வாட்டி சொல்றது?"

"நான் அறிவியல் எடுக்கிறவன்க்கா" என்றார் முருகேசன். ஆனால் பதிவேட்டை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். நம்பாதவர் செய்கிற காரியம் அல்ல அது.

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. "போய் வாசிங்க சார். என் அட்டை இங்க வேலைக்கு ஆகல" என்றேன்.

பிற்பகல் 2.15. பள்ளிக்குப் பின்னால் காட்டுக்குள் ஒரு பெரிய மரம், அடியில் மூன்று கற்கள். தவமணி கற்களின் மேல் தேனும் தினை மாவும் வைத்தார். பிள்ளைகள் வகுப்பில் உட்காருவது போலவே வரிசையாகச் சருகின் மேல் உட்கார்ந்தார்கள். மலருக்குப் பக்கத்தில் மட்டும் ஓர் ஆள் இடம் விட்டிருந்தார்கள். பனி மரங்களுக்குள் புகுந்து எதிர் வரிசையை மறைக்கத் தொடங்கியது.

முருகேசன் பதிவேட்டைத் திறந்து வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் "உள்ளேன் ஐயா" வந்தது. பிறகு அந்தப் பெயர்.

காடே அடங்கியது. அதுவரை கத்திக்கொண்டிருந்த சிள்வண்டுகளும் நின்றுவிட்டன. காலி இடத்தில் சருகு மெல்ல நொறுங்கியது, யாரும் அசையவில்லை.

"இன்னொரு வாட்டி" என்றார் தவமணி.

முருகேசன் மறுபடி வாசித்தார். மலர் தலையைத் திருப்பி அந்த இடத்தைப் பார்த்தாள். அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. எனக்கும்தான், மறைப்பானேன்.

மூன்றாம் முறை வாசித்தபோது அவர் குரல் உடைந்தது. மலர் எழுந்து நின்றாள்.

"அக்கா வரலைங்க ஐயா."

கரகரத்த, சின்னக் குரல். பிள்ளைகள் ஓடிவந்து அவளைச் சூழ்ந்துகொண்டதிலிருந்தே அது அவளுடைய குரல்தான் என்று எனக்குத் தெரிந்தது. முருகேசன் பேனாவை எடுத்து அந்தப் பெயருக்கு நேரே வரவில்லை என்று குறித்தார். சிள்வண்டுகள் மறுபடி கத்தத் தொடங்கின.

மாலை 3.40. படிவத்தை மலர் முன்னாலேயே கிழித்தேன். அவள் துண்டுகளைப் பொறுக்கி வைத்துக்கொண்டாள். தவமணி, "வெரசா போங்க. வழியில நிக்காதீங்க" என்று மட்டும் சொன்னார்.

என் பயிற்சி அறையில் நாளெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன். வீட்டில் அப்பாவின் படத்துக்கு மாலை போட்டு, இறந்த நாளிலிருந்து அவர் பெயரைச் சொல்லாத பொழுதில்லை. அவரைப் போகவே விடவில்லையோ என்று தோட்டத்து வழியில் முதன்முறையாகத் தோன்றியது. அது வலித்தது.

சாலை தெரிகிற தூரத்தில், பின்னாலிருந்து என் பெயர் கேட்டது. மேடம் இல்லை, என் பெயர், முழுதாக. சிறு பெண்ணின் குரல். படிவத்தின் அடியில் என் பெயர் அச்சாகியிருந்தது, மலருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்தக் குரலில் கரகரப்பு இல்லை.

பேருந்தின் விளக்கு பனிக்குள் மங்கலாகத் தெரிந்தது. நான் திரும்பவில்லை.

"வரலை" என்று சொல்லிவிட்டு, கையைக் காட்டிக்கொண்டு ஓடினேன்.