அஞ்சலை ஏறாத ஹெலிகாப்டர்

மலாயாவுக்கு வந்த புதிதில் எனக்குப் பிடிபடாமல் இருந்தது சாப்பாடோ பாஷையோ அல்ல; வானத்தைப் பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குவதுதான். மலாக்காவை ஒட்டிய பத்து பெரண்டாம் விமானத் திடலின் ஓரத்தில் எனக்கு ஒரு பலகைக் குடில். மணிக்கொரு தரம் வெளியே வந்து அண்ணாந்து பார்க்க வேண்டும். வானத்தை மனத்துக்குள் எட்டுப் பங்காக்கி, அதில் எத்தனை பங்கை மேகம் பிடித்திருக்கிறது என்று புத்தகத்தில் எழுத வேண்டும். புதுக்கோட்டைப் பக்கத்து எங்கள் ஊரில் பட்டப்பகலில் ஒருவன் இப்படி நின்றால், வேலையற்றவன் என்பார்கள். இல்லை, மழைக்கு ஏங்குகிறான் என்பார்கள். இங்கே யாரும் மழைக்கு ஏங்குவதில்லை. மத்தியானம் தாண்டினால் அது தானாகவே வந்துவிடுகிறது. இன்றைக்கும் அந்த வேலையைத்தான் செய்கிறேன். ஆனால் நடுவில் சில காலம், நான் வேறு ஒருவன் ஆகிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பு என்னை என்ன செய்ய வைத்தது என்பதை ஊரிலிருந்து வாசிப்பவர்களும், என்னைப் போலக் கடல் தாண்டி வந்தவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும். இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுக் கெரில்லாக்களை ஒடுக்க வெள்ளைக்காரர் அறிவித்த அவசரகாலம் தொடங்கிய சில வருஷங்களில் எங்கள் திடலுக்கு ஹெலிகாப்டர்கள் வந்து போகத் தொடங்கின. காட்டுக்குள் அடிபட்ட சிப்பாய்களைத் தூக்கி வர அவைதான் வழி. அவற்றை ஓட்டிய வெள்ளைக்காரர்களில் மூன்று பேர், படையை விட்டு விலகியதும் சீமையில் பயணிகள் ஹெலிகாப்டர் ஓட்ட ஆசைப்பட்டார்கள். அதற்குத் தனி லைசென்ஸ் வேண்டும். அந்த லைசென்சுக்குப் பரீட்சை எழுத வேண்டும். ஓட்டத் தெரிந்தால் போதாது. காற்று, மேகம், திசை, எடை, சட்டம் எல்லாவற்றையும் காகிதத்தில் நிரூபிக்க வேண்டும். வாரத்தில் மூன்று நாள் அத்தாப்பு ஓலைக் கூரைக் கொட்டகை ஒன்றில் வகுப்பு நடந்தது. வானிலை வரைபடங்களைக் கரும்பலகையில் வரைந்து காட்டும் வேலை எனக்கு. வரைந்து முடித்த பிறகு எழுந்து போகாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். யாரும் போகச் சொல்லவில்லை.

இன்டர்மீடியட்டில் கணக்கு படித்தவன் நான். அந்த வகுப்பு எனக்குத் தேனாக இனித்தது. சூடான காற்று மெலிந்த காற்று. ஈரமும் சேர்ந்தால் இன்னும் மெலியும். மெலிந்த காற்றில் இறக்கைக்குப் பிடிப்பு குறையும். அதனால் அதே யந்திரம் விடியற்காலையில் தூக்குகிற பாரத்தை நடுப்பகலில் தூக்காது. இதைக் கேட்ட அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது என் கால்களே தரையில் படவில்லை. மாதிரிப் பரீட்சைத் தாள்களை எனக்கும் ஒரு பிரதி தந்தார்கள். மூவரையும்விட எனக்கே அதிக மார்க் வந்தது. பிளேக் என்ற இளம் துரை எடைக் கணக்கில் தடுமாறுவார். என் தாளைப் பார்த்துத் திருத்திக்கொண்டு, "உன் கணக்கு தப்பாது" என்று முதுகில் தட்டுவார்.

அந்தத் தட்டலில் மயங்கித்தான் ஊரில் இருந்த அண்ணனுக்கு, 'விமானி பரீட்சைக்குப் படிக்கிறேன்' என்று எழுதினேன். அதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. ஆனால் முழுக் கடிதமும் பொய். நூற்றுக்கணக்கான மணி நேரம் பறந்தவனுக்குத்தான் அந்த லைசென்ஸ். நான் அதுவரை ஒரு யந்திரத்துக்குள் காலை வைத்ததுகூட இல்லை. அண்ணன் பதில் எழுதினார்: கடிதத்தைக் கடைத்தெருவில் நாலு பேர் வாங்கிப் படித்தார்களாம், என்னை இப்போது 'ஏரோப்ளேன்காரர்' என்றுதான் சொல்கிறார்களாம்.

இன்னொரு வெட்கத்தையும் சொல்லிவிடுகிறேன். மலாக்கா டவுனில் என்னைப் பார்க்கும் சீனரும் மலாய்க்காரரும், "எந்த எஸ்டேட்?" என்று சாதாரணமாகக் கேட்பார்கள். எனக்குச் சுள்ளென்று வரும். நான் ஆபீஸ்காரன், கப்பலில் சொந்தச் செலவில் வந்தவன் என்று கேட்காதவர்களுக்கெல்லாம் விளக்குவேன். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் தமிழர்கள் பஸ்ஸில் ஏறினால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். அவர்கள் பேச்சின் முடிவில் ஒட்டிக்கொண்டிருந்த 'லா' எனக்குக் கேலியாக இருந்தது.

மழை விடாமல் கொட்டிய ஒரு மாதத்தில், ரெம்பியாவுக்கு உள்ளே இருந்த ஒரு தோட்டத்தில் வேலைக்குப் போன லாரியைக் காட்டுக் கெரில்லாக்கள் சுட்டுவிட்டார்கள். காத்தமுத்து என்ற பால்மரம் வெட்டுகிறவருக்கு வயிற்றில் குண்டு. ஆற்று வெள்ளத்தில் பாலம் போய்விட்டது, ஆஸ்பத்திரிக்கு வழியில்லை. ஆங்கிலம் தெரிந்த கிராணியும், தோட்டத்துக் கணக்கெழுதுகிறவர், டவுனுக்குப் போனவர், அக்கரையில் மாட்டிக்கொண்டார். பிளேக் என் குடில் வாசலில் வந்து நின்றார். "பேச ஆள் வேண்டும். வருகிறாயா?" குடையைக்கூட எடுக்காமல் ஓடினேன்.

போகும்போது மழைமேகத்துக்குள் போனோம், எதுவும் தெரியவில்லை. தோட்டத்துப் பந்துத் திடலில் இறங்கியபோது மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. நாலு பக்கமும் உயரமான ரப்பர் மரங்கள். கதவை உடைத்துச் செய்த பலகையில் காத்தமுத்துவைக் கிடத்தியிருந்தார்கள். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. பக்கத்தில் அவர் மனைவி அஞ்சலை, ரத்தம் தோய்ந்த துணியை அவர் வயிற்றில் அழுத்திப் பிடித்தபடி இருந்தாள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து ஜனம் முழுக்கச் சுற்றி நின்றது. 

பிளேக் மரங்களைப் பார்த்தார், வெப்பமானியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கணக்குப் போட்டுச் சொன்னேன்: அவரையும் அடிபட்டவரையும் தவிர இன்னும் ஒரே ஒரு ஆள், அதற்கு மேல் இந்தச் சூட்டில் மரங்களைத் தாண்டி எழும்பாது. கணக்கு சரிதான். இன்றைக்குப் போட்டாலும் அதே விடைதான் வரும்.

பிளேக் தலையசைத்தார். "அப்படியானால் மனைவி வரட்டும். ஆஸ்பத்திரியில் தமிழ் ஆட்கள் இருக்கிறார்கள். நீ இங்கே தங்கி, வெள்ளம் வடிந்ததும் லாரியில் வந்துவிடு. அவளிடம் கேள்."

அஞ்சலை எங்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே கேட்டாள்: "ஐயா, நானும் கூட வரலாங்களா?"

திரும்பிப் போகும்போது வானம் தெளிவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். எட்டில் இரண்டு பங்குகூட மேகம் இல்லை. இவ்வளவு நாள் கரும்பலகையில் வரைந்த கடற்கரையையும் ஆற்றையும் மேலிருந்து பார்க்கலாம். இன்னொரு தடவை யார் என்னை ஏற்றப்போகிறார்கள்? இத்தனையும் ஒரு மூச்சு விடும் நேரத்துக்குள் என் மனத்தில் ஓடின.

"எடமில்லம்மா. மெஷினு தாங்காது" என்றேன்.

பிளேக்கிடம் ஆங்கிலத்தில் சொன்னேன்: "வரப் பயப்படுகிறாள். பிள்ளைகள் இருக்கிறார்களாம்."

அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு யந்திரத்தைக் கிளப்பப் போனார். அஞ்சலை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பரவால்லீங்க. நம்மாளு நீங்க கூடப் போறீங்க, அது போதும்லா. அவரு கையை மட்டும் விட்டுடாதீங்க."

நான் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. மரங்களைத் தாண்டி எழும்பியதும் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டேன். வளைந்து வளைந்து ஓடும் ஆறு, அதன் செம்மண் நீர் கடலில் விசிறிபோல் கலக்கும் இடம், கிளேபாங் பக்கத்துத் தென்னைகள். எல்லாம் படத்தில் இருந்தபடியே இருந்தன. சந்தோஷத்தில் எனக்குக் கண்ணீர் வந்தது. ஒரு தடவை திரும்பியபோது காத்தமுத்து என்னைப் பார்த்து எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். உதடுகள் அசைந்தன, இரைச்சலில் ஒன்றும் காதில் விழவில்லை. நான் தலையை ஆட்டினேன். ஆட்டிவிட்டு மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பினேன். அன்று மாலை விளக்கு ஏற்றும் முன்பே அவர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

அஞ்சலை வெள்ளம் வடிந்து மூன்றாம் நாள் வந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நான்தான் சொன்னேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஏதாச்சும் சொன்னாருங்களா?" என்றாள். சத்தத்தில் கேட்கவில்லை என்றேன். "நீங்க என்னங்க செய்வீங்க? எங்களுக்காக அவ்வளவு தூரம் வந்தீங்களே" என்று கும்பிட்டாள். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நானும் கும்பிட்டேன்.

பிளேக் பரீட்சையில் தேறி சீமைக்குக் கிளம்பிய நாளில் என் கையைக் குலுக்கினார். "அந்தப் பெண் மட்டும் வந்திருந்தால் கடைசி நேரத்தில் அவன் தனியாக இருந்திருக்க மாட்டான். உங்கள் தோட்டத்து மக்களுக்கு யந்திரம் என்றாலே பயம், பாவம்" என்றார். நான் மறுக்கவில்லை. என் கோழைத்தனத்தை ஒரு ஜனத்தின் தலையில் கட்டிவிட்டு, விடைபெறுகிறவரிடம் நன்றி சொன்னேன். அதற்குப் பிறகு அந்தக் கொட்டகைக்குள் நான் போகவில்லை.

அண்ணனுக்கு உண்மையை எழுத ஒரு வருஷம் ஆயிற்று. 'வானத்தைப் பார்த்து எழுதும் குமாஸ்தா நான்' என்றேன். 'ஊரில் யாரிடமும் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே' என்று பதில் வந்தது. அஞ்சலையிடம் சொல்ல இன்னும் இரண்டு வருஷம் ஆயிற்று.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ரெம்பியாவுக்குப் போனேன். காட்டுக் கெரில்லாக்களுக்குச் சாப்பாடு போகக்கூடாதென்று, சிதறிக் கிடந்த லயங்களையெல்லாம் இப்போது ஒரே இடத்தில் சேர்த்து முள்கம்பி போட்டுவிட்டார்கள். அஞ்சலை மாலை வேலை முடிந்து வாளிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். "வாங்க, உக்காருங்க, தேத்தண்ணி போடுறேன்" என்றாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன்.

"அன்னைக்கு எடம் இருந்துச்சும்மா. துரை உங்களைத்தான் ஏறச் சொன்னார். நான்தான் எடத்தை விட்டுக் குடுக்கல."

அவள் கழுவிக்கொண்டிருந்த வாளியைக் கீழே வைத்தாள். திட்டுவாள், அழுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும்.

"மேல போயி என்ன பார்த்தீங்க?" என்று கேட்டாள்.

"ஆறு. கடல்."

"கீழ நாங்க கைகாட்டிக்கிட்டே நின்னோம். மரத்துக்கு அந்தாண்ட போற வரைக்கும் நின்னோம். அதைப் பார்த்தீங்களா?"

"இல்லம்மா."

"அவரு பார்த்திருப்பாரா?"

படுத்திருந்தவருக்கு ஜன்னல் எட்டாது. ஜன்னலை மறைத்துக்கொண்டு இருந்ததும் நான்தான். அதையும் சொன்னேன். அவள் மறுபடி வாளியை எடுத்துக் கழுவத் தொடங்கினாள். "ஆறு மணிக்குக் கேட்டை அடைச்சிடுவாங்க. கெளம்புங்க" என்றாள். தேத்தண்ணி போடவில்லை.

கேட்டில் மலாய்க்காரக் காவலர் ஒருவர் சங்கிலியைக் கையில் பிடித்தபடி நின்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மாசோக்? கெலுவார்?" என்று கேட்டார். உள்ளேயா, வெளியேயா என்றுதான் கேட்டார். எனக்குத் தெரிந்த மலாய்தான். ஆனாலும் முள்கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றேன். தாமதிக்கிறேன் என்று நினைத்து, உள்ளே போய் ஆள் எண்ணிக்கை வரிசையில் நிற்கும்படி கை காட்டினார். நான் தலையை அசைத்து வெளியே வந்தேன். சங்கிலி பூட்டப்பட்டது. உள்ளே பெயர் வாசிக்கத் தொடங்கினார்கள். சின்னையா மகள் ராமாயி, வெள்ளைச்சாமி மகன் கருப்பையா, அடைக்கலம் மகள் பொன்னம்மா. ஒவ்வொன்றும் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெயர். என் ஊரில் என்னை ஏரோப்ளேன்காரர் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்களின் பெயர்கள். மலாக்கா பஸ் வந்து நின்றது, ஹாரன் அடித்தது, போய்விட்டது. நான் கம்பிக்கு வெளியே ரோட்டோரத்தில், கடைசிப் பெயர் வாசித்து முடியும் வரை வரிசையில் நிற்பவனைப் போல நின்றுகொண்டிருந்தேன்.