மூவர்ணப் போர்வைக்குள் நான் வைத்துத் தைத்தது

மூட்டையை அவிழ்த்ததும் வந்த நாற்றம் புளித்த கஞ்சியும் நனைந்த கோழி இறகும் யாரோ ஒருவருடைய அக்குளும் ஒன்றாகச் சேர்ந்தது போல இருந்தது. நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். எங்கள் மகளிர் குழுவின் லீடர் அக்கா மூக்கைப் பொத்தவில்லை. அவர் வீட்டுக்குள்ளேயே வரவில்லை. வாசலுக்கு வெளியே குடை பிடித்து நின்றபடிதான் பேசினார்.

"நாப்பது ரஜாய் வேணும். மேல காவி, நடுவுல வெள்ளை, கீழ பச்சை. வெளிப்பக்கத்துக்கு டெய்லர் கடைத் துணி தனியா தந்திருக்கேன். உள்ளுக்கு இந்த மூட்டை. ஆகஸ்ட் பதினஞ்சாம் தேதி விழாவுக்கு கேம்பல் பே போய்ச் சேரணும்."

எங்கள் ஊரான புரோத்ராபூரில் ஜூலை மாதம். கூரைத் தகரத்தில் மழை விழும் சத்தத்தில் பாதிப் பேச்சு கேட்கவில்லை. கேட்டவரையில் புரிந்தது இதுதான்: கப்பலில் போகவேண்டிய தெற்குக் கோடித் தீவில், கேம்பல் பேயில் குடியிருக்கும் பழைய பட்டாளத்துக்காரர்களை மேடையேற்றி, ஆளுக்கொரு மூவர்ண ஒட்டுப்போர்வை போர்த்தப் போகிறார்கள். விழாக் கமிட்டியின் யோசனை.

"இந்தப் புழுக்கத்துல ரஜாய் எதுக்குக்கா?"

"பொன்னாடை போத்தறாங்களே, குளிருக்கா போத்தறாங்க? தை, பேசாம."

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். சட்டம் தெரிந்தவர்கள் பேசினால் பயம், தெரியாதவர்கள் பேசினால் அதைவிடப் பயம். கொடியை வெட்டினால் ஜெயில் என்று யாரோ சொன்னது என் காதில் கிடந்தது. மூன்று நிறத்தையும் சேர்த்துத் தைத்துவிட்டு நடுவில் ஊசி குத்தினால் அது எதில் சேரும் என்று கேட்டேன்.

"சக்கரம் இல்லேல்ல? சக்கரம் இல்லேன்னா கொடி இல்ல. வெறும் கலர் துணி" என்று சொல்லிவிட்டு லீடர் அக்கா போய்விட்டார்.

டெலானிபூர் தையல் கடைகளிலிருந்து வந்த வெளித்துணி நன்றாகவே இருந்தது. ரவிக்கை வெட்டிய மிச்சம், சுடிதார் மிச்சம், உள்ளங்கை அளவுத் துண்டுகள். அவற்றை ஒட்டி மூன்று பட்டையாக்கும் வேலையைப் பக்கத்து வீட்டு வங்காளிப் பெண் எடுத்துக்கொண்டார். அவரை நாங்கள் எல்லோரும் போதி என்றுதான் கூப்பிடுவோம், அவர்கள் பாஷையில் அண்ணி. ஒட்டுப்போர்வை எங்களுக்கு வராது, அவர்களுக்குத்தான் வரும். அவர்கள் அதைக் காந்தா என்பார்கள். உடுத்தி உடுத்தி மெத்தென்று ஆன சேலைகளைச் சோடா போட்டு அவித்து, வெயிலில் அப்பளம் போலக் காயவைத்து, அப்புறம்தான் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தைப்பார்கள்.

போதி என் வீட்டுக்கு வந்து மூட்டையைப் பார்த்தார். ஒரு விரலால் ஒரு பனியனைத் தூக்கினார். அக்குள் பக்கம் முட்டை மஞ்சள் நிறத்தில் விறைத்துப்போயிருந்தது. கீழே போட்டுவிட்டு அந்த விரலை என் சுவரில் தேய்த்தார்.

"தூப் நஹீ தோ காந்தா நஹீ" என்றார். வெயில் இல்லையென்றால் காந்தாவும் இல்லை. "வெளிப்பக்கம் நான் ஒட்டித் தர்றேன். உள்ளே வெக்கிறது நீ பாத்துக்க."

அவருக்கு என்ன, கையைக் கழுவிக்கொண்டார். அந்தச் சுத்தத்தின் மேல் எனக்கு அன்றைக்கு வந்த எரிச்சல் மூட்டையின் மேல் வந்ததைவிடக் குறைவில்லை.

மூட்டையில் இருந்ததை எழுதக் கை கூசுகிறது. வீடு வீடாகத் தானம் என்று வாங்கியதாம். கொடுத்தவர்களும் குப்பைக்குப் போகவேண்டியதைத்தான் கொடுத்திருக்கிறார்கள். குழந்தையின் மூத்திரத் துணி. மீன் துடைத்த லுங்கி, செதில் ஒட்டியபடியே. தலையணை உறை, எண்ணெய்ப் பிசுக்கில் தோல் மாதிரி ஆனது. துவைக்கத்தான் செய்தேன். இரண்டு நாள் துவைத்தேன். காயத்தான் இல்லை. அறைக்குள் கொடி கட்டினேன், அடுப்புக்கு மேல் கட்டினேன். மூன்றாம் நாள் துணி முழுக்கக் கடுகு இறைத்த மாதிரிக் கறுப்புப் புள்ளி. இஸ்திரிப் பெட்டியால் அழுத்திக் காயவைக்கலாமென்று பார்த்தேன். பெட்டியை வைத்ததும் யாருடைய வேர்வையோ ஆவியாகி என் முகத்தில் அடித்தது. அன்றைக்குச் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்துவிட்டேன்.

"ஈரம் காயலக்கா. உள்ள பூஞ்சக்காளான் புடிக்கும்" என்று லீடர் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"உள்ள இருக்கறத யாரு பிரிச்சுப் பாக்கப் போறா? கப்பல் முன்னாடியே போகுதாம். இன்னும் ஒரு வாரத்துல கப்பல் ஜெட்டியில பார்சல் குடுக்கணும்."

எங்கள் தீவுகளில் எதையும் முடிவு செய்வது கப்பல்தான். கல்யாணமானாலும் கருமாதியானாலும் கப்பல் கிளம்பும் நாளுக்குத்தான். ஈரத்தோடு தைத்தேன்.

ஒவ்வொரு போர்வையின் பச்சை ஓரத்திலும் வாங்கப்போகிறவர் பெயரை நூலால் தைக்கவேண்டும். எனக்கு இந்தி பேச வரும், படிக்க வராது. லீடர் அக்கா தந்த பட்டியலில் இந்தி எழுத்தில் இருந்ததைப் படம் வரைவது போலப் பார்த்துத் தைத்தேன். மூன்று போர்வை மிச்சமிருந்தபோது லீடர் அக்கா வந்து பட்டியலைப் பார்த்து, "இது உன் தங்கச்சி வேலைக்குப் போற வீட்டுப் பெருசு" என்றார்.

என் தங்கை கேம்பல் பேயில் ஒரு பஞ்சாபிக் கிழவர் வீட்டில் சமைக்கிறாள். பட்டாளத்திலிருந்து வந்து அங்கேயே காடு திருத்திக் குடியேறியவர். மனைவி இல்லை. மூச்சிரைப்பு உண்டு, பம்ப் வைத்து இழுப்பார். தங்கை அவரைப் பாபுஜி என்பாள். அவளுக்கு டெங்கு வந்தபோது அந்தக் கிழவர்தான் தன் கையால் கஞ்சி வைத்துக் கொடுத்தார்.

கடைசியாக அவருடைய போர்வைக்கு வைக்கும்போது மூட்டையில் துணி தீர்ந்துவிட்டது. வெள்ளைப் பட்டைக்குக் கீழே மெலிதாக இருந்தது. மூட்டையின் அடியில் ஒரு சுருள் கிடந்தது. கட்டுத்துணி. யாருடைய புண்ணிலிருந்தோ அவிழ்த்தது. மஞ்சளாக உறைந்து, அதில் இரண்டு மயிர் ஒட்டியிருந்தது. முதலிலேயே அதைப் பார்த்து ஓரமாகத் தள்ளி வைத்திருந்தேன். இப்போது குறடால் எடுத்து, மடித்து, நடுவில் வைத்து, மேலே வெள்ளையை இழுத்துத் தைத்தேன். யாருக்கு என்று தெரிந்துதான் தைத்தேன். பிறகு நாலு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினேன்.

விழா முடிந்த அன்று தங்கை போட்டோ அனுப்பினாள். மேடையில் பாபுஜி, தாடையை உயர்த்திக்கொண்டு, தோளில் போர்வை. அந்த வெள்ளைப் பட்டை சரியாக அவர் மூக்குக்குக் கீழே. நான் போனைக் கவிழ்த்துவைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவளைக் கூப்பிட்டேன்.

"போத்திக்கிறாராடி?"

"போத்திக்கவா? கால் படக்கூடாதாம்க்கா. மூணு கலரு இருக்குல்ல. மடிச்சுத் தலைமாட்டுல வெச்சிருக்காரு. காலைல எந்திரிச்சதும் நெத்தியில ஒத்திக்கிறாரு."

காலடியில் போட்டுக்கொண்டிருந்தாலாவது பரவாயில்லை. மரியாதை பார்த்து மூக்குக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

"வாடை வருதா?"

"வருது. கப்பல்ல வந்த வாடைன்னு நெனச்சேன்."

"அலசிப் போடேன்."

"தொடவே விடமாட்டேங்கறாரு. போன வருசம் கொடிய இறக்கும்போது கீழ பட்டுச்சுன்னு என்னைய ஒரு நாள் முழுக்கத் திட்டினாரு."

அவருக்குத் தெரியாமல் எடுத்து ஒளித்துவை என்றேன்.

"திருடிப் பட்டம் வாங்கிக் குடுக்கறியா?"

அப்போதும் கட்டுத்துணியைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் விஷயம் கமிட்டிக்குப் போகும், குழுவுக்கு வேலை நின்றுபோகும், நாலு பெண்கள் என் வாசலில் வந்து நிற்பார்கள், போலீஸ் வருமோ என்னவோ. சொல்லாவிட்டால் அந்தக் கிழவர் பூஞ்சக்காளானை நெற்றியில் ஒற்றிக்கொண்டே இருப்பார். தினமும் மத்தியானம் போன் செய்தேன். கேம்பல் பேக்கு லைன் கிடைப்பதே பெரும்பாடு. கிடைத்ததும் கேட்பது ஒன்றுதான்: "இருமறாரா?"

ஐந்தாம் நாள் தங்கைக்குக் கோபம் வந்துவிட்டது. "அக்கா, நீ என்ன அவரு சாவுக்கு நாள் குறிக்கிறியா?"

லீடர் அக்காவிடம் போய்ச் சொல்லிப் பார்த்தேன். அவர் முறத்தில் பருப்பு பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "மத்த முப்பத்தொம்பது பேரும் சும்மாதான இருக்காங்க. உனக்கு மட்டும் என்ன அம்புட்டு மூக்கு?"

அந்தப் பருப்பில் ஒரு கல்லைக்கூட அவர் விடவில்லை. பார்த்துப் பார்த்து எடுத்துப் போட்டார்.

அடுத்த நாள் தங்கை தானாகவே கூப்பிட்டாள். ரெண்டு நாளாகப் பாபுஜிக்கு இருமல், பம்ப் அடிக்கடி வேண்டியிருக்கிறது, மழைக்காலம்தானே, ஒவ்வொரு வருஷமும் வருவதுதான் என்றாள். மழைக்காலம்தான். இருக்கலாம்.

"போன அவருகிட்ட குடு."

இந்தியில் பேசினேன். பாபுஜி, அந்த ரஜாயைத் தைத்தது நான். அது சுத்தமில்லை. பக்கத்தில் வைக்காதீர்கள்.

"எவ்வளவு அழுக்கு?" என்று கேட்டார். குரலுக்குப் பின்னால் மூச்சு விசிலடித்தது.

ஒவ்வொன்றாகச் சொன்னேன். பனியன், மூத்திரத் துணி, மீன் லுங்கி. கடைசியில் கட்டுத்துணி. சொல்லச் சொல்ல என் வாயே நாறியது போல இருந்தது.

அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஜான்பூஜ்கர்?" தெரிந்தே செய்தாயா?

"ஹாங், பாபுஜி."

போனைத் தங்கையிடம் கொடுத்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் மத்தியானம் மழை விட்டிருந்தது. தங்கை போன் செய்தாள்.

"நேத்தே எரிச்சாச்சு. அழுக்கான கொடிய அப்படித்தான் செய்யணுமாம், குப்பையில போடக்கூடாதாம். நான் இது கொடி இல்ல பாபுஜி, சக்கரம் இல்லேன்னு சொன்னேன். 'அதை எனக்குச் சொல்றியா'ன்னு ஒரு பார்வை பாத்தாரு. தென்ன மரத்துக்குக் கீழ வெச்சு மண்ணெண்ணெய் ஊத்துனேன். எரியவே மாட்டேங்குது, ஈரம். நாத்தம்னா நாத்தம், உன் நாத்தம் என் நாத்தம் இல்ல. பக்கத்து வீட்டு நாய் எந்திரிச்சுப் போயிருச்சு. குச்சியால குத்திக் குத்தித் திருப்புனேன், உன் கட்டுத்துணி கருகிக் கருகிக் குச்சியில ஒட்டுது."

"அவரு எங்க இருந்தாரு?"

"ஒரு கையால வாக்கர புடிச்சுக்கிட்டு நேரா நின்னாரு. சல்யூட்ல. உள்ள போங்கன்னு கெஞ்சுறேன், முழுசா எரியாம நகரமாட்டேங்கறாரு. அம்புட்டுப் புகையும் அவருக்குள்ளதான். நல்லாக் காப்பாத்துன போ, புண்ணியவதி. நேத்து ராத்திரி முழுக்க ஒரே இருமல். இன்னைக்குக் காலைலதான் கொஞ்சம் அடங்கி ரெண்டு ரொட்டி சாப்பிட்டாரு."

சாப்பிட்டார் என்பதைக் கேட்டதும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். ஆனால் அவள் போனை வைக்கவில்லை. அங்கே பின்னால் கிழவரின் குரல் ஏதோ கேட்டது.

"அக்கா, மத்தவங்களுதும் இப்படித்தானான்னு கேக்கறாரு. என்ன சொல்ல?"

அங்கே மறுபடியும் கிழவரின் குரல்.

"என்னைய வீடு வீடாப் போயிச் சொல்லச் சொல்றாரு. சும்மா போயி நின்னா அடிப்பாங்க. உன் பேரச் சொல்லிரட்டுமா?"

முப்பத்தொன்பது வீடு. முப்பத்தொன்பது தலைமாடு. ஒவ்வொன்றிலும் நான் படமாக வரைந்து தைத்த பெயர், அதற்குள்ளே நான் திணித்தது. எல்லாரும் மரியாதையாக நெற்றியில் ஒற்றிக்கொண்டிருப்பார்கள்.

"எல்லாமே அப்படித்தான்னு சொல்லு. எம்பேரச் சொல்லு."

சொல்லி முடித்ததும் வாயைப் பொத்திக்கொண்டேன். போனைக் கையில் பிடித்தபடியே கொல்லைக்கு ஓடினேன். குனிந்து நிற்கும்போது தங்கை கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். "அக்கா, லைன்ல இருக்கியா? முதல்ல எந்த வீட்டுக்குப் போகட்டும், அதச் சொல்லு."