கேட்ட ஆள் நிற்கிறாரா என்று பார்

புள்ளைகள், பேய் பிசாசு என்று யாரும் கதை எடுத்தால் எழும்பிப் போகிறவன் உங்கட அப்பா. ஓ.எல். பரீட்சை மட்டும்தான் படித்தவன் என்றாலும் கொம்பியூட்டர் பழகினவன், எதுக்கும் ஒரு காரணம் இருக்கும் என்று நினைக்கிறவன். மூத்தவள் இதை வாசித்துச் சிரிப்பாள் என்று தெரியும். சிரி மகள், ஆனால் கடைசி வரைக்கும் வாசி.

சுனாமி அடித்த அந்தக் கிழமை, டவுனில் ஒரு பள்ளிக்கூட முகாமில் நானும் என் கூட்டாளி அன்ரனும் ஒரே ஒரு கொம்பியூட்டரோடு இருந்தோம். ஆளைத் தேடி வருகிறவர்கள் பேர் தருவார்கள். மற்ற முகாம்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் இருக்கிறவர்களின் பட்டியல் வரும். இரண்டையும் பொருத்திப் பார்க்க அன்ரன் புரோகிராம் எழுதினான். அவன் மூளைசாலி.

அது எப்படி என்றால், நெல் மில்லை நினைத்துக்கொள்ளுங்கள். மூட்டையைக் கொடுத்துவிட்டு நாம் அங்கேயே நிற்பதில்லை, வேறு அலுவல் பார்க்கப் போவோம், குத்தி முடிந்ததும் கூப்பிடுவார்கள். அந்தக் கூப்பிடுதலுக்குக் கோல்பேக் என்று பேர். மில்லில் நாலு ஆட்கள் முறைவைத்து மூட்டையை எடுக்கிற மாதிரி, மிசினுக்குள்ளேயும் நாலு வேலையாட்கள், திரெட் பூல் என்பது அதுதான். பேர் பொருந்தினதும் ஒரு வேலையாள் கூப்பிடுவான், பிரிண்டரில் துண்டு வரும். அன்ரன் இரண்டு கட்டுப்பாடு போட்டிருந்தான். ஒன்று, ஒருத்தன் துண்டு எழுதும்போது மற்றவன் கைவைக்காமல் ஒரு பூட்டு. மற்றது, கேட்ட ஆள் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறார் என்ற அடையாளம் இருந்தால்தான் துண்டு வரும். ஆள் விட்டுப்போனபிறகு கூப்பிட்டு என்ன பிரயோசனம்?

அந்தப் பூட்டால் வேலை சுணங்கியது. வெளியே சனம் மதில் வரைக்கும் நின்றது. அன்ரன் சாப்பிடப் போன நேரம், கெதியாக ஓடட்டும் என்று நான் அந்தப் பூட்டைக் கழற்றிவிட்டேன்.

அரைமணித்தியாலத்தில் நாவலடி பூமணி அக்காவுக்குத் துண்டு வந்தது. ஒன்பது வயது மகள் சுகந்தி மண்டூரில் ஒரு முகாமில் என்று. அக்கா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஓடினா. குருமண்வெளித் துறையில் ஆற்றைக் கடந்து மண்டூருக்குப் போய்ப் பார்த்தால், அது வேறு தாயின் பிள்ளை. இரண்டு வேலையாட்கள் ஒரே நேரத்தில் எழுதி, ஒருத்தரின் முடிவு மற்றவரின் பேரில் விழுந்துவிட்டது.

பொழுதுபட அக்கா திரும்பி வந்தா. ஏசுவா என்று நின்றேன்.

"தம்பி, அவட பேர மட்டும் மிசின்ல இருந்து எடுத்துப்போடாத," என்றா.

அன்ரன்தான் ஏசினான். "உனக்கு அவசரம் எண்டா பஸ்ஸப் புடி, பூட்டுல கைவைக்காத!" அன்றைக்கு அவன் திரும்பப் போட்ட பூட்டை நான் பிறகு தொட்டதில்லை.

முகாம் மூடினதும் அந்தப் பழைய மிசினை யாரும் கேட்கவில்லை. வவுணதீவில் நான் போட்டோக்கொப்பிக் கடை போட்டபோது அதையும் கொண்டுவந்தேன். மற்றப் பேர்களையெல்லாம் எடுத்தாயிற்று, சுகந்தியின் பேர் மட்டும் அதற்குள் இருந்தது. பட்டியல் வருவது நின்று வருசக்கணக்கு. சண்டை திரும்பவும் தொடங்கி, சனம் அங்கும் இங்கும் இடம்பெயர்ந்த நேரத்திலும் பூமணி அக்கா மாதத்துக்கு ஒருக்கா வருவா. "ஓடுதா தம்பி?" "ஓம் அக்கா, ஓடுது." அவ்வளவுதான். மகளுக்கு அந்தியேட்டி, செத்தவர்களுக்குச் செய்கிற கடமை, செய்யவில்லை. பேர் மிசினில் இருக்கிறதே, எப்படிச் செய்வது என்பா.

சண்டை முடிந்த வருசம், மாரிக்காலம். பகல் பதினொன்றரை மணிபோல நல்ல மழைக்குள் அக்கா வந்தா. இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.

"எடுத்துவிடு தம்பி. இனிக் கடமையைச் செய்யப்போறன்."

"வடிவா யோசிச்சியளா அக்கா?"

"யோசிச்சு யோசிச்சுத்தானே இவ்வளவு காலம் போச்சு. எடு."

எடுத்தேன். காத்திருப்பவர் பூச்சியம் என்று காட்டியது. அக்கா மூச்சு விட்டா.

அப்போது பிரிண்டர் ஓடியது.

நம்பினால் நம்புங்கள். ஒரு துண்டு வந்தது. தேடுபவர் என்ற இடத்தில் சுகந்தி. தேடப்படுபவர், பூமணி. கிடைத்த இடம், என் கடையின் பேர். நேரம் பதினொன்று நாற்பது. சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். பதினொன்று நாற்பது.

"என்ன தம்பி அது?"

ஒருக்கா பிழையான துண்டு கொடுத்தவன் நான். இன்னொருக்கா அந்த முகத்துக்குக் கொடுக்க எனக்குத் துணிவு வரவில்லை. "பழைய குப்பை அக்கா," என்று மேசை லாச்சிக்குள் போட்டேன். அக்கா போனா. அடுத்த கிழமை கடற்கரையில் அந்தியேட்டி நடந்தது. நானும் போனேன், துண்டைச் சொல்லாமல் வந்தேன். பிறகு அக்கா கடைப்பக்கம் வரவே இல்லை.

துண்டு வந்த அன்றிரவே கொழும்பில் இருந்த அன்ரனுக்குப் போன் எடுத்தேன். பேர் மாறி விழுந்திருக்குமா என்று கேட்டேன்.

"மாறுறதுக்கு ரெண்டு வேணும். உன்னட்ட இருந்தது ஒண்டுதானே, அதையும் எடுத்திட்டாய். உன்ர கடைப்பேர் அதுக்குள்ள எப்படி வந்தது?"

"நான் ஒருநாளும் அத டைப் அடிக்கல்லடா."

அவன் திரும்பக் கேட்டான், "ரெண்டாவது கட்டுப்பாட்டையும் கழட்டினியா?"

"இல்ல."

"அப்ப கேட்ட ஆள் நிக்காம துண்டு வராதுடா," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

மிசினைப் பிறகு நான் போடவில்லை. துண்டு இன்னமும் லாச்சிக்குள் இருக்கிறது. அதைக் கொடுத்திருக்க வேண்டுமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது, பெரியவர்களானதும் நீங்கள் சொல்லுங்கள்.

இன்னொன்று. அக்கா அன்று மழைக்குள் ரோட்டைக் கடந்ததைக் கடை வாசலில் நின்று பார்த்தேன். தனியாகத்தான் போனா. ஆனால் குடை முழுக்க இடதுபக்கம் சரிந்திருந்தது, அவவின் வலது தோள் தெப்பமாக நனைந்துகொண்டிருந்தது. அவ அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.