சத்தமில்லாமல் ஓடும் பெட்டி

எங்கள் தாமான் குடியிருப்பில் சத்தமாகப் பேசுகிறவர் யார் என்று கேட்டால், மூலைக் கடைக்காரர் யோசிக்காமல் எங்கள் வீட்டைத்தான் கைகாட்டுவார். என் அக்கா அப்படி. அவள் பேச ஆரம்பித்தால் எதிர்முனையில் இருப்பவருக்குப் போனே தேவையில்லை. செனாயில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் டெக்னீஷியன். மெஷின்களோடு போட்டி போட்டுக் கத்திப் பழகிய தொண்டை. அப்பேர்ப்பட்டவள் ஒருநாள் சாப்பாட்டு மேசையில், வீட்டுக்கு ஒரு சர்வர் செய்யப் போவதாகவும், அது எப்போதும் ஓட வேண்டும், ஆனால் சத்தமே வரக்கூடாது என்றும் சொன்னபோது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நீ முதலில் சத்தம் போடாமல் இரு, பிறகு பெட்டியைப் பார்க்கலாம் என்றேன். அவள் சிரிக்கவில்லை. நாற்காலியில் இருந்த அப்பாவைப் பார்த்தாள்.

அப்பா சிம்பாங் ரெங்கம் பக்கம் ஒரு எஸ்டேட்டின் செம்பனை எண்ணெய் ஆலையில், இஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றதும் குளுவாங்குக்கு வந்துவிட்டோம். இப்போது அவருக்கு மறதி நோய். எங்கள் பெயர்கள் சில நாள் நினைவுக்கு வரும், சில நாள் வராது. ஆலை மட்டும் அவரை விட்டுப் போகவே இல்லை. எங்காவது ஒரு மோட்டார் உறுமினால் போதும், தன் ஷிப்டு வந்துவிட்டது என்று எழுந்துவிடுவார். சட்டையை மாட்டி, வாசலில் கிடக்கும் ரப்பர் பூட்சில் காலை நுழைத்து, கேட்டுக்குப் போவார். பூட்சை ஒளித்து வைத்துப் பார்த்தோம். வெறுங்காலோடு போனார். கேட்டைப் பூட்டினோம். கம்பியைப் பிடித்துக்கொண்டு, வேலை போய்விடும், விடுங்கள் என்று அழுதார். பூட்டு சரியாக விழாத ஒருநாள் பெரிய ரோடு வரைக்கும் போய்விட்டார். செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் பறக்கிற ரோடு அது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாதான் பார்த்து, கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். இனிமேல் இவரை ஒரு பராமரிப்பு இல்லத்தில் விட்டுவிடுவதே நல்லது என்று சொந்தக்காரர்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். அம்மா அன்றைக்குச் சோற்றைத் தொடவில்லை.

அவரை உட்கார வைக்க எங்களிடம் ஒரே வழிதான் இருந்தது. எங்கள் வீட்டுப் பழைய வீடியோக்கள். எஸ்டேட் கோயில் திருவிழா, ஆலைக்காரர்கள் ஒன்றாகச் சாப்பிட்ட தீபாவளி, அப்பாவின் பிரிவுபசார விருந்து. அதில் வருகிறவர்களோடு அவர் பேசுவார், சிரிப்பார், யாரையாவது திட்டவும் செய்வார். ஆனால் ஒன்று சிடியில் இருக்கும், ஒன்று பென்டிரைவில், ஒன்று யாருடைய போனிலோ. தேடி எடுப்பதற்குள் அப்பா பூட்ஸ் போட்டிருப்பார். எல்லாவற்றையும் ஒரு பழைய லேப்டாப்பில் ஏற்றி டிவியோடு சேர்த்துப் பார்த்தாள் அக்கா. படம் அழகாக வந்தது. கூடவே லேப்டாப்பின் விசிறியும் உறுமியது. கொஞ்ச நேரம் திருவிழா பார்த்த அப்பா எழுந்து சட்டையைத் தேடினார்.

அதனால்தான் இந்தச் சர்வர். எல்லா வீடியோவையும் வைத்துக்கொண்டு எப்போதும் விழித்திருக்கும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் அடுத்த கணம் படம் வர வேண்டும். அப்படி ஒன்று வீட்டில் ஓடுவது அப்பாவின் காதுக்குத் தெரியவே கூடாது.

கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் இதையேதான் படித்தாள். சுழலும் ஹார்டு டிஸ்க் டிக் டிக்கென்று சத்தம் போடும் என்பதால் அதை முதலிலேயே கழித்துக் கட்டினாள். விசிறி இருந்தாலும் சத்தமே வராது என்று எல்லோரும் புகழ்ந்த ஒரு பெட்டியை வாங்கி வந்தாள். நான் காதை ஒட்டி வைத்துக் கேட்டேன், ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவுக்கும் கேட்கவில்லை. அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த அப்பா தலையைத் தூக்கி, "பேரிங் போகப் போவுது, பாத்துக்க" என்றார்.

நானாக இருந்தால் அந்தப் பெட்டியைத் தூக்கி லோங்காங் சாக்கடையில் போட்டிருப்பேன். அவளுக்குக் கோபமே வரவில்லை. "அலமாக், இனிமே இவருதான் என் மீட்டர் லா" என்று சிரித்துவிட்டுப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். அடுத்து வந்தது விசிறியே இல்லாதது. உடம்பெல்லாம் வரிவரியாக அலுமினியத் தகடு, அதன் வழியாகவே சூடு வெளியேறிவிடும். அலமாரிமேல் வைத்தால் பலகை லேசாக அதிர்வதாகச் சந்தேகப்பட்டு, தேய்ந்த ஜப்பான் ரப்பர் சிலிப்பரை வெட்டி அதற்கு நாலு கால் ஒட்டினாள். அப்பாவை அதன் பக்கத்திலேயே உட்கார வைத்துச் சாப்பாடு கொடுத்தாள். அவர் மீன் முள்ளைத்தான் பார்த்தார். பெட்டி பாஸாகிவிட்டது. தொண்டை பெரிதாக இருப்பவளுக்குப் பொறுமையும் இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

ஆனால் அவள் கணக்கில் அம்மா வரவில்லை. எங்கள் ஊரில் மத்தியானம் வெயில் கொளுத்தினால் சாயங்காலம் இடி நிச்சயம். முதல் இடி கேட்டதும் அம்மா வீடு முழுக்க ஓடி ஓடி எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிடுவார். இந்தத் தாமானில் எல்லா அம்மாக்களும் அப்படித்தான். எதிர்வீட்டு டிவி மின்னலில் கருகியதை நேரில் பார்த்தவர் என்பதால் அவரைக் குறை சொல்லவும் முடியாது. அக்கா வேலைக்குப் போயிருந்த ஒரு சாயங்காலம் சர்வரின் பிளக்கும் போனது. மழை விட்டபின் மாட்டினால் பெட்டி எழுந்திருக்கவில்லை. டிவி கறுப்பாகவே கிடந்தது. அன்று அப்பாவை வாசலில் தடுத்து நிறுத்த நானும் அம்மாவும் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

வார விடுமுறையில் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றினாள் அக்கா. கரண்டு போனாலும் சர்வரும் டிவியும் ஓடுவதற்கு ஒரு பேட்டரிப் பெட்டியும் வாங்கி வைத்தாள். அடுத்த இடிக்கு அம்மா வழக்கம்போல் பிளக்கைப் பிடுங்கினார். படம் நிற்கவில்லை. ஆகா என்று நான் நினைத்த அதே நேரத்தில் பேட்டரிப் பெட்டி பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது. கரண்டு இல்லை என்று எச்சரிக்கிறதாம்! அப்பாவுக்கு அது ஆலையின் அபாயச் சத்தம். "பாய்லர்! பாய்லர்!" என்று அலறிக்கொண்டு, பூட்ஸ்கூடப் போடாமல் மழைக்குள் ஓடினார். நான் கேட்டுக்கு வெளியேதான் அவரைப் பிடித்தேன். என்னை உதறிக்கொண்டு, உள்ளே ஆள் இருக்கிறது, விடு என்று கெஞ்சினார். இந்த வீட்டில் இவரை வைத்துப் பார்க்க நம்மால் முடியாதோ என்று அன்றைக்குத்தான் முதல்முறையாக நானும் நினைத்தேன். நினைத்ததற்காக என்மேல் எனக்கே ஆத்திரம் வந்தது.

அன்று அக்காவின் குரலை மூலைக் கடைக்காரர் கேட்டிருப்பார். பீப் சத்தத்தை அடைத்தாயிற்று, மின்னலைத் தடுக்கிற பிளக்கும் வாங்கியாயிற்று, இனியாவது கையை வைக்காதீர்கள் என்று அம்மாவிடம் கத்தினாள். அம்மாவும் விடவில்லை. இடி கேட்டால் கை தானாகப் போகிறது, நான் என்ன செய்ய என்றார். அப்புறம் அவரே சொன்னார்.

"சாமி மேட பிளக்க நான் தொட்டதே இல்லடி. அங்க வச்சிரு."

எனக்கும் அக்காவுக்கும் அது தோன்றவே இல்லை. ஹாலில், வாசலைப் பார்த்தபடி எங்கள் சாமி மேடை. அதில் எரியும் சின்னச் சிவப்பு பல்பு, நாங்கள் ஊரில் இல்லாதபோதும் அணைந்ததில்லை. எந்த இடிக்கும் அம்மா அதைத் தொட்டதில்லை. பேட்டரிப் பெட்டியோடு சர்வர் சாமி மேடைக்குக் கீழ்த்தட்டில் குடியேறியது. அம்மா மறுநாளே அதற்கு ஒரு குங்குமப் பொட்டு வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகையும் அதற்கு உண்டு. விசிறி வைத்த பெட்டியாக இருந்திருந்தால் இந்நேரம் வயிறு முழுக்க விபூதியாகியிருக்கும் என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்தப் பெட்டி ஒருநாளும் நிற்கவில்லை.

வீடு அடங்கிவிட்டது. ஆனால் ஊரை யார் அடக்க முடியும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்பக்கத் திடலில் புல்வெட்டும் மெஷினோடு ஆட்கள் இறங்கிவிட்டார்கள். அந்த உறுமல் வீட்டையே நிறைத்தது. நான் ஓடிப்போய் ரிமோட்டை அழுத்தினேன். திருவிழா வந்தது. அப்பா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சட்டையை மாட்டி, வாசலில் உட்கார்ந்து பூட்ஸ் போட்டுக்கொண்டிருந்தார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அடுத்த ஷிப்டு ஆள் வந்து இஞ்சின்மேல் கையை வைக்காமல் அப்பா ஆலையை விட்டு நகர்ந்ததே இல்லை. இருப்பவர் "ஓடுதா?" என்று கேட்பார். வந்தவர் கையை வைத்துப் பார்த்து "ஓடுது" என்பார். அதற்குப் பிறகுதான் வீடு. மாற்று ஆள் தாமதித்தால் அப்பாவும் தாமதம். எங்கள் பிறந்தநாள் கேக்கெல்லாம் அவருக்காகக் காத்துக் கிடந்தது அதனால்தான். இது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் அந்த நேரத்தில் அது நினைவுக்கு வந்தது அக்காவுக்கு மட்டும்தான்.

அவள் வாசலை மறிக்கவில்லை. "அப்பா, இத ஒரு தரம் பாத்துட்டுப் போங்க" என்று கூப்பிட்டாள். அப்பா பூட்சோடு உள்ளே வந்தார். செருப்புக் காலோடு சாமி மேடைப் பக்கம் போனால் உயிரை எடுத்துவிடும் அம்மா, அன்று ஒதுங்கி வழிவிட்டார். அப்பா குனிந்து பெட்டிமேல் உள்ளங்கையை வைத்தார். வைத்த கையை எடுக்காமல் ரொம்ப நேரம் நின்றார். அக்கா பக்கத்தில் தன் கையையும் வைத்தாள்.

"ஓடுதா?" என்றார் அப்பா.

"ஓடுதுப்பா."

"சத்தமே காணோம்."

"நல்லா ஓடுதுப்பா. சூடுகூட அளவாதான் இருக்கு."

அப்பா தலையை ஆட்டினார். "யாரு செட் பண்ணாங்களோ, நல்ல வேலக்காரன்" என்றார். என் அக்காவின் குரல் அவ்வளவு சின்னதாக வந்து நான் கேட்டதே இல்லை. "இனிமே நான் பாத்துக்கறேன். நீங்க வீட்டுக்குப் போங்கப்பா."

திடலில் மெஷின் உறுமிக்கொண்டுதான் இருந்தது. அப்பா அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து பூட்சை ஒவ்வொன்றாகக் கழற்றி அக்காவின் கையில் கொடுத்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார், இவ்வளவு நேரம் வெளியே இருந்துவிட்டு இப்போதுதான் வந்தவர் மாதிரி.

"வந்துட்டேன்" என்றார். "சோறு போடு."